மேல் பலகை

அப்பா கொதிக்கும் கற்களின்மேல் நீர் ஊற்றுவார்.
சீறிக்கொண்டு எழும் ஆவி.
சவுனாவின் மேல் பலகையில் ரவுனோவுக்கு வயது ஏழு,
எனக்கு ஒன்பது.
காதுமடல் எரியத் தொடங்கினால் நான் இறங்கலாம்.
"போ, ஐலா, காபி வை" என்பார்.
அந்தக் குரலில் கோபமே இருக்காது.
தம்பி இறங்கினால்
அந்த வாரம் முழுக்க அவன் பெயர் பொட்டை.

அவன் இறங்கியதில்லை.
பலகை விளிம்பைப் பிடித்தபடி இருப்பான்,
கண்ணீரும் வியர்வையும் ஒரே உப்பு என்பதால்
யாருக்கும் தெரியாமல்.
வெளியே பனியில் வெறுங்காலோடு நான்.
என் கொதிப்புக்குச் சத்தம் வராதபடி
மூடிபோட அங்கேதான் பழகினேன்.

இருபத்தாறாவது வயதில்
ஓலு ரயில் நிலையத்துக்கு எதிரே, நள்ளிரவு,
சாசேஜ் கடை வரிசையில்
எவனோ தோளை இடித்து அதே சொல்லைச் சொன்னானாம்.
விலகி நடந்திருக்கலாம்.
இறங்குவது எப்படி என்று
அவனுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?
தாடை இரண்டு இடத்தில்.
ஒரு கண்ணில் பாதிப் பார்வை.
மூன்றரை ஆண்டு.

வருந்துகிறாயா என்று நீதிபதி கேட்டபோது
கூரையைப் பார்த்தான்.
முகத்தை மறைக்க அங்கே ஆவி இல்லை.

இன்று சனிக்கிழமை. சிறை வாசலில்
என் பையைத் துழாவுகிறார்கள்,
சீப்பு, பேருந்து அட்டை,
கையுறையின் ஒவ்வொரு விரலுக்குள்ளும்.
மருந்துக்கடையில் எட்டு ஆண்டுகளாக
இதே பையை ஒருவரும் திறந்ததில்லை.
கல்லாவை எண்ணி மூடுபவள் நான்.
'திருப்பித் தந்தவை' என்று நான் எழுதும் ரசீதுகளில்
யாருமே திருப்பித் தராதவை சில.
ஒருநாள் இருபது யூரோ. ஒருநாள் முப்பத்தைந்து.
முதலில் அம்மாவின் மின்கட்டணம்,
பிறகு ரவுனோவின் வக்கீல்,
பிறகு, சொல்லத்தானே வேண்டும், இந்தப் பச்சைக் கோட்டு.
தணிக்கைக்கு வந்தவருக்குக் காபி ஊற்றினேன்.
"உங்களைப் போல நாலு பேர் இருந்தால் போதும்"
என்று சொல்லி,
பேரேட்டை விரிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் தம்பி.
ஏலக்காய் ரொட்டியைப் பிய்க்கிறான்.
முட்டியில் தழும்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.
"உனக்குக் கோபமே வராதா, ஐலா?"

காவலர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
"இங்கே ரொம்பச் சூடு" என்கிறேன்.
"கோட்டைக் கழற்றேன்."
நான் கழற்றவில்லை.
திருகிக்கொண்டே இருந்த மூன்றாவது பொத்தான்
கையோடு வந்துவிடுகிறது.