திங்கட்கிழமை மனு

என் பெயர் நல்லநாயகி. அது தாளில்.
கையில் வேறு பெயர்:
இடப்புருவத் தழும்பை ஒரு விரல் தொட்டால் நான்.

திருவாரூர் ஆட்சியர் அலுவலக வரிசையில்
எனக்கு முன்னால் இடும்பாவனத்துக்காரர்.
ஏதோ கேட்கிறார். மீசை அசைகிறது,
மீசைக்குள் சொல் ஒன்றும் தெரியவில்லை.
அவர் மனுவை எட்டிப் படித்துக்கொண்டேன்:
கடைமடைக்கு இன்னும் தண்ணீர் எட்டவில்லை.

என் மனுவை வாசல் புங்கமரத்தடியில்
தர்மசீலன் எழுதினார்.
நான் எழுதிக் கொடுத்தது:
மகள் பள்ளி சைகை டீச்சர் இல்லை வேண்டும்.
கையில் அது முழு வாக்கியம்.
அவர் ஆல், கு, இன் எல்லாம் போட்டு
தயைகூர்ந்து சேர்த்து
வாய் பேச இயலாத என்றும் சேர்த்தார்.
அடிக்கச் சொன்னேன்.
மனுவில் அடித்தல் திருத்தல் கூடாதாம்.
புதுத் தாள், இன்னொரு முப்பது ரூபாய்.

எங்கள் காலத்தில் மெழுகுவத்தி.
'ப' சொன்னால் சுடர் சாய வேண்டும்.
'ம' சொன்னால் மூக்கில் வைத்த விரல் அதிர வேண்டும்.
கை இரண்டும் தொடைக்கடியில்.
அப்பாவும் அம்மாவும் உதட்டில் ஒன்றுதான்,
கண்ணாடி முன் நின்று பாருங்கள்.
ழ வாய்க்குள்ளேயே நடக்கிற விஷயம்.
அதற்கு நான்கு வருஷம் கொடுத்தேன்.
அந்த நான்கு வருஷத்தில்
வகுத்தல் கணக்கு, மழை எப்படிப் பெய்கிறது,
பாவாடையில் ரத்தம் எதற்கு,
ஒன்றையும் யாரும் சொல்லவில்லை.
பத்தாவதில் ஒரு மொழித்தாள் விலக்கு என்றார்கள், சலுகை.
பசித்தவனுக்கு ஒரு வேளைச் சோறு விலக்கு.

மொழி எனக்கு விடுதியில்தான் கிடைத்தது,
கழிவறைக்கு வெளியே எரிந்த ஒற்றை பல்பின் கீழ்,
நாச்சிகுளத்து ஷமீலா கையிலிருந்து.
மின்வெட்டு வந்தால் ஊர் இருட்டிலும் பேசும்,
நாங்கள் பாதி வாக்கியத்தில் நிற்போம்.
கஜாவுக்குப் பிறகு பதினெட்டு இரவு
நானும் ஆறு வயது மகளும்
ஒருவர் கைக்குள் ஒருவர் கை வைத்துப் பேசினோம்.

அதிகாரி என்னைப் பார்க்கவில்லை,
எனக்குப் பின்னால் பார்க்கிறார்.
கூட யாரு வந்திருக்கா?
இந்த ஒரு வாக்கியம் எந்த உதட்டிலும் எனக்குத் தெரியும்.
பின்னால் மகள்.
அவள் கைகளைத் தூக்கினாள்.
அவர் முத்திரையைத் தூக்கினார்.
ரசீதில்: நலத்துறைக்கு அனுப்பப்படுகிறது.

திருப்பி நீட்டினேன், என் பேனாவால் அதன் மேலேயே எழுதி:
நான் நலம். பாடம்தான் வரவில்லை.
கல்வித்துறைக்கு அனுப்பவும்.
ஆல், கு, இன் சரியா என்று
அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பேருந்தில் மகள் கேட்டாள், என்ன சொன்னார்கள்?
வாய்க்கால் ஷட்டர் திறக்கிற சக்கரத்தைக்
காற்றில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன்.

என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.
மொத்தம் எத்தனை சுற்று?