இரண்டு தட்டு

கல்லடி டியூட்டரி மேல்மாடி.
வாங்குகளைச் சுவரோடு தள்ளியாயிற்று.
பலகையில் யாரோ பாதியில் விட்ட சமன்பாடு,
அதை நாங்கள் அழிப்பதில்லை.

ஜெசிந்தா எண்ணுகிறாள்:
ஈசா, தலாவா, தத்லோ.
குவைத்தில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து
லோர்னா என்றொருத்தி
மொட்டைமாடியில் கொடுத்த எண்கள்.
கீழே வாச்சர்
நாங்கள் கும்பிடுகிறோம் என்று நினைத்து
ரேடியோவைக் குறைக்கிறார்.

கதிரை பின்னும் கடையில் வாங்கிய பிரம்பு
என் இடது நெற்றிக்கு வருகிறது.
தடுத்து,
முழங்கைக்குக் கீழே சதையில் ஒரு குத்து,
வழுக்கி மணிக்கட்டுக்கு வந்து வளைக்கிறேன்.
பூட்டு விழவில்லை.

"பூட்டைத் தேடாதகா.
தேடினா எனக்குத் தெரிஞ்சிரும்.
அடிச்சிட்டே போ.
கை எங்க சோருதோ அங்க கிடக்கும் அது."

மறுபடி.
பிரம்பு, தடுப்பு, குத்து,
கண்ணுக்கென்று விரல்நுனியால் ஒரு பொய்.
அவள் தலை ஒள்ளுப்பம் பின்னால் போக
முழங்கை தானாய் வந்து என் நெஞ்சில் தங்கியது.
திருப்பினேன்.
திருப்பிய பிறகுதான் பார்த்தேன்
எந்தக் கை என்று.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.
பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்
போன மாசி மாதம்
அதைத் தட்டில் வைத்துப் படம் எடுத்தவள் நான்.
ஆரை எலும்பில் முறுக்கு விழுந்த வெடிப்பு.
துண்டில் 'கிணற்றடியில் வழுக்கி' என்றிருந்தது.
வழுக்கி விழுந்த எலும்பு இப்படி உடைவதில்லை.
"அசையாம இருங்க" என்றேன்,
வேறெதுவும் சொல்லவில்லை.

இவ்வளவும் தெரிந்த கைதான்
அன்றைக்கும் அது.

இப்போது தகடும் ஐந்து ஆணியும் கிடக்கும் இடத்தில்
என் பெருவிரல்.
தொடையில் இரண்டு தட்டு, அதுதான் சட்டம்.
அவள் தட்டவில்லை.
நான் கூட்டவுமில்லை, விடவுமில்லை.
அரைச் சமன்பாட்டைப் பார்த்தபடி நிற்கிறாள்.
மூச்சு எனக்குத்தான் வாங்குகிறது.

மறுகா,
தட்.
தட்.

விட்டேன்.
கையை உதறினாள், புரட்டிப் பார்த்தாள்,
சிரித்தாள்:
"பாத்தியாகா, விடுது."
பிறகு அதே கையை நீட்டி,
"இன்னொருக்கா."

ஏழு இருபதுக்குக் களுவாஞ்சிகுடி பஸ்.
ஜன்னலில் முகம் வைக்காமல்
எங்கோ நடுவில் நிற்கிறாள்.
பிரம்பு இரண்டும் என்னிடம், ஒரு பழைய குடைத்துணிக்குள்.
கண்டக்டர் தகரத்தில் இரண்டு தரம் தட்டினான்.
பஸ் தரிப்பிடத்தை விட்டது.