சாம்பல் நிறம் காட்டிக்கொடுக்கும்

நொஹோரா, பெட்டியைத் திறங்கள்.
எல்லாவற்றையும் கட்டில்மேல் கொட்டுங்கள்,
வெட்கப்பட இங்கே யாரும் இல்லை,
வெளிச்சத் தட்டியைப் பிடிக்கிற எய்டெர்
வாசலில் மாங்காய்க்கு உப்புத் தூவிக்கொண்டிருக்கிறான்.

கறுப்பு. கறுப்பு. கரும்பச்சை.
கழுத்துவரை ஏறும் கம்பளி ஒன்று.
பொகோத்தாவிலிருந்து வருகிறவர்கள்
மலையையும் மடித்து எடுத்து வந்துவிடுகிறார்கள்.
இது கார்த்தஹேனா.
காலை ஏழுக்கே காற்று
யாரோ குளித்துவிட்டுக் கொடுத்த துண்டு.

சாம்பல் நிறம் வேண்டவே வேண்டாம்.
சாம்பல் காட்டிக்கொடுக்கும்:
அக்குளில் ஒரு தீவு,
முதுகில் ஒரு கண்டம்,
கோட்டைச்சுவர்ப் படி ஏறி முடிப்பதற்குள்
உலக வரைபடம் தயார்.
பட்டு உப்புக்கோடு போடும்.
லினன் நாலு எட்டில் கசங்கும், கசங்கட்டும்,
கசங்குவதற்கென்றே நெய்தது அது.
வெள்ளைக்கு உள்ளே வெள்ளை கூடாது,
தோல்நிறம்தான்,
இதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை.
மஞ்சளைத் திருப்பி உள்ளே வையுங்கள்.
இந்தத் தெருவில் சுவரெல்லாம் மஞ்சள்,
தலையும் கையும் மட்டும் மிதக்கும்.
போன மார்ச்சில் ஒரு பல் டாக்டரை
அப்படித்தான் தொலைத்தேன்.

ஏசி அறையிலிருந்து எடுத்ததும்
கேமராவுக்குக் கண்புரை.
இருபது நிமிடம் காத்திருந்தோம்.
அதற்குள் மூன்று முறை உடை மாற்றினீர்கள்,
மூன்று முறையும் கேட்டது ஒன்றுதான்:
"கை குண்டாகத் தெரிகிறதா?"
தெரிந்தது.
கை இருந்தால் தெரியத்தான் செய்யும்.

முனையில் தியோனிசியா.
தலையில் தாம்பாளம், அதில் அன்னாசி, பப்பாளி,
பிளந்த தர்ப்பூசணி.
மூன்றடுக்குச் சுருக்குப் பாவாடை,
அடுக்குக்கு ஒன்றாய்க் கொடியின் மூன்று நிறம்,
எல்லாம் பாலியெஸ்டர்,
ஊசிமுனைக் காற்றும் உள்ளே போகாது.
படத்துக்குப் பணம், பணம் முதலில்.
இந்த வெக்கையில் இதை எப்படி, என்று இழுத்தீர்கள்.
அவள் சிரிக்கவில்லை.
"அஞ்சு மணிவரைக்கும் இது சீருடை.
அஞ்சுக்கு மேலே அரைக்கால் சட்டை,
மகன் போட்டுக் கிழித்த பனியன்.
அதைப் படமெடுக்க
எவ்வளவு கொடுத்தாலும் விடமாட்டேன்."
பிறகு உங்கள் வெள்ளைப் பருத்தியின் ஓரத்தை
இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள்,
பழுத்ததா என்று பார்ப்பதுபோல.
"நல்ல நூல்" என்றாள்.
அதற்குப்பின் நீங்கள் கையைப் பற்றிக் கேட்கவில்லை.

பத்து மணி. மேகம் திரண்டு,
பெய்யாமல் அடம்பிடித்தது.
எய்டெரின் தட்டி துவண்டது.
கூழாங்கல் தெருவில் செருப்பைக் கழற்றிவிட்டு
வெறுங்காலோடு நின்றீர்கள்.
துணி முதுகோடு ஒட்டிக்கொண்டது,
மேலுதட்டில் துளித்துளியாய்.
நான் காகிதக் கைக்குட்டை நீட்டினேன்.
வாங்கினீர்கள், துடைக்கவில்லை.

ராத்திரிகளில் என் வேலையே இதுதான்,
திரையில் வேர்வையை அழிப்பது.
நெற்றிப் பளபளப்பு, மூக்கோரம், அக்குள்.
எத்தனை பேரை உலர்த்தியிருக்கிறேன்
கொடி கட்டாமல், வெயில் இல்லாமல்.

டாக்ஸி கிளம்பியபின் நிறுத்தச் சொல்லி
கண்ணாடியை இறக்கினீர்கள்:
"வேர்வையை அழிக்காதீர்கள், யூர்லெய்டிஸ்.
பத்தொன்பதாவது மாடியில் எனக்கு மேசை.
பதினாறு வருஷமாய் விரல்நுனி சில்லிட்டுக் கிடக்கிறது.
எனக்கும் ஒருநாள் புழுங்கியது
என்று சொன்னால் யார் நம்புவார்கள்?"

நாற்பத்திரண்டு படங்களை அனுப்பியிருக்கிறேன்.
எதையும் தொடவில்லை.
பதினேழாவதில் மட்டும், மன்னியுங்கள், பழக்கதோஷம்,
மூக்குநுனியில் நின்ற ஒரு துளியை
கை தானாக எடுத்துவிட்டது.

கம்பளியை அறையிலேயே விட்டுப் போயிருக்கிறீர்கள்.
தபாலில் போடவா?
எய்டெர் கிட்டே போகவே மறுக்கிறான்,
பார்த்தாலே வேர்க்கிறதாம்.