ஈயாத ஈயம்

மூட்டையின் மேல் ஒரு எண் மட்டும்.
சேலத்துக்காரர் ஒரு பிடி அள்ளிக் காட்டினார்:
"மணலோட சேத்து உருக்கி, தண்ணியில கொட்டி, பொடிச்சதுங்க மேடம்.
கண்ணாடிக்குள்ள பூட்டியாச்சு. இனி வெளிய வராது."
ஈயாத ஈயம் என்றேன்.
அவருக்குப் புரியவில்லை, பில் எழுதிக்கொண்டிருந்தார்.
எட்டு மூட்டை இறக்கினேன்.

பெருந்துறைச் சூளையில் அந்த ஐப்பசி
ஆயிரம் டிகிரியைத் தொடும்போதே உருகிப் படிந்தது மெருகு.
கொப்புளமில்லை, ஊசித்துளையில்லை, கேஸ் மிச்சம்.
தாமிரப் பொடி நூற்றுக்கு இரண்டு சேர்த்ததும்
கீழ்பவானித் தண்ணீர் பாய்ந்த
பதினைந்தாம் நாள் நாற்றங்கால் பச்சை.
கோயமுத்தூர் ஓட்டல்காரர் கிண்ணத்தை
வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து
அறுநூறு என்றார்.

விளிம்பு பிசகியவற்றைத் தீபாவளிக்கு
ஆளுக்கு இரண்டாக
ஈந்தேன்.
இந்த வினைச்சொல்லை அதற்குமுன்
நான் என் வாயால் சொன்னதேயில்லை.

ஓட்டலுக்குச் சான்றிதழ் வேண்டியிருந்தது.
கிண்ணம் நிறைய வினிகர், மேலே ஒரு மூடி,
இருட்டில் ஒரு பகல், ஒரு இரவு.
அவ்வளவுதான் சோதனை. புளிக்கரைசல் வைக்கிற
எந்த அடுப்படியிலும் தினம் நடப்பது.
மஞ்சள் கிண்ணம் வாய் திறக்கவில்லை.
பச்சை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.
தாமிரம் அந்தப் பூட்டைத் தளர்த்துமாம்;
போனில் ஆய்வகத்துப் பையன்
இட்லிக்கு மாவு புளித்ததைப் போலச் சொன்னான்.

அறுநூறையும் உடைக்க அரை நாள்.
முப்பத்து நான்கைத் திரும்ப வாங்கத்தான்
விஜயமங்கலம், சீனாபுரம், காஞ்சிக்கோயில் என்று
ஸ்கூட்டி அலைந்தது.
"குடுத்தத திருப்பிக் கேக்கறீங்களாக்கும்?"
குன்னத்தூர் ரோட்டில் ஒருவர் கதவைச் சாத்தினார்.
ஒன்றில் கோழி தண்ணீர் குடித்தது.
ஒன்றில் எலுமிச்சங்காய் ஊறிக்கொண்டிருந்தது,
பதினோரு நாளாக.

மெருகு கலக்கும் பூவாத்தாள்
சாம்பல் போட்டுத் தேய்த்த இரண்டையும் நீட்டினாள்,
வறுத்த கடலை நிரப்பி.
"வெறும் ஏனமாக் குடுக்கப்படாதுங்க."

பையன் எதில் சாப்பிட்டான் என்றேன்.
"இதுலதானுங்க. தயிருஞ்சோறு.
பச்சைன்னா அவனுக்கு உசுரு."

கடலையை எங்கே கொட்டுவதென்று தெரியாமல்
ஹெல்மெட்டில் கொட்டிக்கொண்டேன்.
காலையில் எட்டு மணிக்கு வருகிறேன்,
ஈரோட்டில் ரத்தம் எடுப்பார்கள், அவனுக்கும்
உனக்கும் என்றேன்.
"எனக்கெதுக்குங்க?"
அவள் நகக்கண்ணில் இன்னும்
வெள்ளையாய் அந்தப் பொடி.