எடைச் சீட்டின் பின்பக்கம்

பத்தாங் பெர்ஜுந்தை.
ஊரின் பெயரை மாற்றிவிட்டார்கள்,
எங்கள் வாய் மாற்றவில்லை.
செம்பனை ஆலையில் எனக்கு எடைப்பாலத்து வேலை.
லாரி நிறைந்து வரும்போது ஓர் எண்,
கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எண்,
கழித்தால் மிஞ்சுவது பழம்.
தப்பாய் அடித்த சீட்டுகளின் பின்பக்கம்
நாவல் எழுதுகிறேன்.
பேய்க்கதை என்று கடையில் அடுக்குகிறார்கள்
ஊதுபத்திக்கும் நாள்காட்டிக்கும் நடுவில்.

பேய் பிடித்தது புகைமூட்டத்து வருஷம்.
சுமத்திராவில் காடு எரிந்து
எங்கள் கொடிக்கயிற்றில் சாம்பல் காய்ந்தது.
பத்தடிக்கு அப்பால்
பால்மரமும் தெரியாது, பஸ்ஸும் தெரியாது,
ஹாரன் மட்டும் முதலில் வரும்.
படிவம் நான்கு. தவமலரும் நானும்
முகமூடிக்குள் சிரித்துக்கொண்டு
பெரிய துரை பங்களா வரைக்கும்
கைகோத்து நடந்தோம்.
ஊரே இருமிக்கொண்டிருந்தது.
எங்களுக்கு மட்டும் அந்த இரண்டு மாதம்
மூச்சு விட முடிந்தது.

பங்களாவில் துரை இல்லாமல் முப்பது வருஷம்.
குளியல் தொட்டியில் வௌவால் எச்சம்,
படிக்கட்டில் ஏழாவது பலகை இல்லை,
சுவரில் மாட்டிய மான்தலைக்கு ஒரே கண்.
"அது பாக்குதுடி" என்றாள்.
பாக்கட்டும் என்றேன்.
முகமூடியை முதலில் கழற்றியது யார்
என்பதற்கு என்னிடம்
இன்றுவரை மூன்று வரைவுகள்.

நவம்பர் மழை வந்து
எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது.
அவளை ஜொகூரில் சித்தப்பா வீட்டுக்கு ஏற்றினார்கள்.
எனக்கு மோகினி அடித்துவிட்டதென்று
முனியாண்டி கோயிலில் எலுமிச்சம்பழம் அறுத்தார்கள்.
சாட்டையை உதறி உதறிப் பூசாரி கேட்டார்:
யாரு நீ, பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு.
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
சொல்லியிருந்தால்
சரியான பேராகத்தான் இருந்திருக்கும்.

முதல் நாவலில் இரண்டு பெண்களும்
உயிரோடுதான் இருந்தார்கள்.
கோலாலம்பூரிலிருந்து பதிப்பாளர் கூப்பிட்டார்:
"நல்லா வந்திருக்கும்மா. அந்த மலரை மட்டும்
மலரவன் ஆக்கிடுங்க. சின்ன வேலைதான்."
ஆக்கவில்லை. கொன்றேன்.
ஏழாவது பலகை இல்லாத இடத்தில் விழவைத்து
மூன்றாம் அத்தியாயத்தில்
பச்சைநீலப் பினஃபோரோடு திரும்ப வரவழைத்தேன்.
செத்தவள் ஜன்னல் வழியே வரலாம்,
பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னலாம்,
விடியும்வரை காதோடு பேசலாம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பயமாக இருந்தது என்று பாராட்டினார்கள்.
நான்கு நாவல். நான்கு சாவு.
ராயல்டி எட்டுமாதம் தாமதம்.

போன வெள்ளிக்கிழமை, லாரி ஓய்ந்த மத்தியானம்,
பாலத்துக்கு அந்தப் பக்கம்
ஒரு மைவி கார் வந்து நின்றது.
இறங்கியவளுக்கு நெற்றியோரம் நரை,
கழுத்தில் ஏதோ தொழிற்சாலையின் அட்டை,
கக்கத்தில் என் நான்கு புத்தகங்கள்.
"ஏண்டி, என்னை இன்னும் எத்தனை தடவைதான்
சாவடிப்பே?"

கூண்டுக் கண்ணாடிக்குள் நான்.
வாய் வரவில்லை.
அவள் செருப்பைக் கழற்றிவிட்டு
இரும்புத் தகட்டின் நடுவில் ஏறினாள்.
தகடு கொதித்திருக்கும்;
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.
என் எழுத்தில் அவளுக்குக் கால்களே கிடையாது.

அறுபது டன் தாங்கும் பாலம் இது.
இருபது கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காது,
பூனை, மழை, எதையும்.
சிவப்பு எண் கொஞ்சம் தடுமாறி
அறுபதில் நின்றது.

சீட்டு அடித்தேன்.
வண்டி எண்: காலி.
சரக்கு: காலி.
வெளியேறும் எடைக்கான கட்டம்: காலி.
திருப்பிப் பின்பக்கத்தில்
அவள் பேரை, முழுப் பேரை எழுதினேன்.

கூண்டுக்குள் வந்து
ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
பாதத்தை ஊதிக்கொண்டே கேட்டாள்:
"அந்த மானுக்கு எந்தக் கண்ணு இருந்துச்சு?"
இடது, என்றேன். நான்கு புத்தகத்திலும் இடதுதான்.
"வலதுடி" என்றாள்.