நாலாவது வரி

ஆறு மாதம் கழித்து ஒரு படிவம் வந்திருக்கிறது.
தலைமைத்துவப் பயிற்சி உங்களுக்கு உதவியதா?
ஒரு கட்டம் ஆம். ஒரு கட்டம் இல்லை.
மதிய வேலை முடித்து
அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு
பாசலில், ரைன் கரையில், தோணிக்கு நிற்கிறேன்.

தை மாதம் அது. இரண்டு நாள்.
வெளியே பனி, உள்ளே ஓசிக் கோப்பி.
ஹேர் ட்ஷூடி நூற்பந்து ஒன்றை எறிந்தார்;
பிடித்தவர் தன் பலத்தைச் சொல்ல வேண்டும்.
நான் பெயரைச் சொன்னேன்: மங்கையற்கரசி.
கடைசியில் ஒரு அரசி இருக்கிறாள் என்றேன்.
சிரித்தார்கள்.
நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் மங்கா.

சுவரில் வெளிச்சமாய் ஏழு வரிகள்.
நாலாவது: பிழை விட்டால் எல்லார் முன்னும் ஒப்புக்கொள்.
அழகான கையெழுத்தில் எழுதி எடுத்தேன்.
கீழே கோடும் போட்டேன்.

மாசியில், முதியோர் இல்லத்துக் குசினியில்,
அறுபத்து மூன்று தட்டுகள் போகிற நேரம்,
பன்னிரண்டாம் அறைக்கு
மசித்த சாப்பாட்டுக்குப் பதில் முழு இறைச்சி போனது.
ஃப்ரௌ ப்ரொட்பெக் புரையேறி, உதடு நீலம் பாய்ந்து,
தாதி ஓடி, முதுகில் தட்டி...
பிழைத்துக்கொண்டார்.
பிழை மட்டும் ஒரு ஆளைத் தேடி நின்றது.

என் கண்ணில் பட்டவன் டெஸ்ஃபாய்.
தட்டு அடுக்குகிறவன், கடைசியாய் வேலைக்கு வந்தவன்.
கத்தினேன்.
எனக்கு வரும் டொச்சில் பாதிதான் அவனுக்கு வரும்.
மறுமொழியை அவன் தேடி எடுக்குமுன்
நான் அடுத்த வசனத்துக்குப் போயிருந்தேன்.

பின்னேரம் குப்பைக்கூடையில்
பன்னிரண்டின் சீட்டு அகப்பட்டது.
என் கையெழுத்து. அதே அழகான கையெழுத்து.

ஒன்பது நாள்
அவன் காலை வணக்கத்தைச் சுவருக்குச் சொன்னான்.
ஃபட்லூமே என்னைப் பாராமல் வெங்காயம் உரித்தாள்.
சொன்னதெல்லாம் செய்தார்கள்.
சொல்லாத ஒன்றையும் யாரும் செய்யவில்லை.
ஒரு நாள் சூப் அடிப்பிடித்தது;
நாலு பேருக்கு மணந்தது, ஒருவரும் அசையவில்லை.

கொப்பியில் நாலாவது வரி இருந்தது.
கோடும் இருந்தது.
தொண்டைக்குத்தான் தெரியவில்லை.

பத்தாம் நாள் ஏப்ரன் கட்டும்போது வாய் திறந்தேன்.
எனக்கென்று ஒரு சொல் வரவில்லை.
தமிழில் தேடினேன்; மன்னிப்பு
மைக் பிடித்தவர் கேட்கிற சொல்லாய்ப் பட்டது.
வந்தது ஹேர் ட்ஷூடியின் வசனம்,
அவருடைய மலைநாட்டு இழுவையோடு,
ஒரு எழுத்து மாறாமல்:
பிழை என்னுடையது. அதை இன்னொருவர் மேல் போட்டேன்.

ஃபட்லூமே கத்தியைக் கீழே வைத்தாள்.
டெஸ்ஃபாய் பார்த்தான். மன்னித்தானோ தெரியாது.
"பால்" என்றான்.
திரும்பி ஓடினேன்,
பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டிருந்தது.

தோணி வருகிறது. மோட்டார் இல்லை.
மேலே குறுக்காக ஒரு கம்பி;
தோணிக்காரர் சுக்கானைக் கொஞ்சம் சாய்க்கிறார்,
மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்கிறது.
ஹேர் ட்ஷூடி இதைக் கண்டால்
படம் பிடித்துச் சுவரில் போட்டுவிடுவார்.
நான் சொல்லப்போவதில்லை.

நடு ஆற்றில் படிவத்தை மடியில் விரித்தேன்.
பெயர் என்ற இடத்தில்
முழுப் பெயரையும் எழுதினேன்.
கோடு போதவில்லை. அரசி
ஓரத்தில் ஏறி, வளைந்து, கீழே இறங்கினாள்.
கட்டங்களுக்கு வருமுன்
கரை தட்டியது.