முப்பத்தைந்து

பத்தாவதில் கணக்குக்கு முப்பத்தைந்து.
வாங்கியதா, போனால் போகிறதென்று போட்டதா,
திருத்திய கைக்கே வெளிச்சம்.

அப்பா டீசல் செலவு கழித்துப்
பங்கு பிரிக்கும் ராத்திரிகளில்
பெனிஸ்டனைத்தான் கூப்பிடுவார்.
அவன் ஆறாவது.

தங்கச்சிமடம் பஸ் நிறுத்தத்தில் நின்று
கணக்கே இல்லாத வேலைகளை
விரல்விட்டு எண்ணினேன்.
பேங்க் இல்லை. கடை இல்லை.
கண்டக்டர் இல்லவே இல்லை,
சில்லறை என்றாலே வியர்க்கும் எனக்கு.
மிஞ்சியது நர்ஸிங்.
ஊசி, கட்டு, காய்ச்சல்,
அதில் என்ன கணக்கு?

ராமநாதபுரம் ஆஸ்பத்திரி. முதல் நைட் டூட்டி.
ஐநூறு மில்லி, எட்டு மணி நேரம்,
மில்லிக்கு இருபது சொட்டு என்றால்
நிமிடத்துக்கு எத்தனை?

உள்ளங்கையில் பேனாவால் போட்டேன்.
பதினாறு.
ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன்.
இருபத்தாறு.
துடைத்தேன்.
இருபத்தொன்று.
புஷ்பலதா சிஸ்டர் கையை எட்டிப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

திருக்கை முள் குத்திய மூக்கையூர்க்காரர்
கால் வீங்கிக் கிடந்தார்.
ஒரு கண் வாட்சில், ஒரு கண் சொட்டில்,
உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தேன்.
பாதி விழித்துக் கேட்டார்:
"செபமா, தாயி?"

தலையை மட்டும் ஆட்டினேன்.
வாய் திறந்தால்
எண்ணிக்கை விட்டுப்போகும்.